மனக்காயமும் உதவி தேடலும்: கேள்வித்தாளை வேறொரு மொழிக்குக் கொண்டுபோகும்போது அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போர், வன்முறை, விபத்து, பேரிடர் போன்றவற்றைக் கடந்து வந்தவர்கள் அதன்பிறகு யாரிடம் போனார்கள், யாரிடமும் போகவில்லை என்றால் எது தடுத்தது என்று தெரிந்துகொள்ளப் பல கேள்வித்தாள்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. அவற்றை இன்னொரு மொழிக்குக் கொண்டுவர முயலும் மாணவர்கள், ஆலோசகர்கள், களப்பணியாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழிலிருந்து. ஆனால் சிக்கல் எந்த மொழிக்கும் பொதுவானது.

உதவி தேடல் கேள்வித்தாளும் அறிகுறிக் கேள்வித்தாளும் ஒன்றுதானே?

இல்லை. "கெட்ட கனவு வருகிறதா, தூக்கம் கெடுகிறதா" என்று கேட்பது அறிகுறிக் கேள்வித்தாள். பி.சி.எல்-5 என்ற மனக்காய அறிகுறிப் பட்டியல் அந்த வகை: 20 கேள்விகள், கடந்த ஒரு மாதத்தைப் பற்றி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண்.

உதவி தேடல் கேள்வித்தாள் அதற்கு அடுத்த கட்டத்தைக் கேட்கிறது. அதிலும் உள்ளுக்குள் வகைகள் உண்டு. நிபுணரிடம் போவதைப் பற்றி ஒருவர் என்ன நினைக்கிறார் என்று பார்ப்பது ஒன்று. ஃபிஷரும் டர்னரும் 1970-இல் வெளியிட்ட 29 கேள்விகள் கொண்ட மனப்பாங்கு அளவுகோல் இதற்குப் பெயர் பெற்றது. அதன் 10 கேள்விச் சுருக்கம் 1995-இல் வந்தது. "பிரச்சினை வந்தால் யாரிடம் போவீர்கள்" என்று எண்ணத்தைக் கேட்பது இன்னொன்று. ஆஸ்திரேலியாவில் உருவாகி 2005-இல் வெளியான பொது உதவி தேடல் கேள்வித்தாள் இந்த வகை. உண்மையில் யாரிடம் போனார் என்று கேட்பது மூன்றாவது. எது தடுத்தது என்று கேட்பது நான்காவது. 2012-இல் வெளியான பேஸ் என்ற 30 கேள்வி அளவுகோல் தடைகளை மட்டுமே பார்க்கிறது.

உங்களுக்கு இவற்றில் எது வேண்டும் என்று முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். "போவேன்" என்று சொல்வதும் போவதும் வேறு வேறு. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பிய மொழிபெயர்ப்புகளைப் பலமுறை பார்த்திருக்கிறேன். தமிழில் "உதவி கேட்பீர்கள்" என்பதையும் "உதவி கேட்டீர்கள்" என்பதையும் பிரிப்பது ஓரிரு எழுத்துதான். தட்டச்சில் அது தவறிப்போனால் கேள்வித்தாள் அளக்கும் விஷயமே மாறிவிடும்.

நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுத்தால் போதாதா?

போதாது. ஏன் என்று மூன்று சொற்களை வைத்துக் காட்டுகிறேன்.

முதல் சொல் "மரத்துப்போதல்". உணர்ச்சி வற்றிப்போவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி தரும் சரியான தமிழ் இதுதான். ஆனால் "உங்களுக்கு மரத்துப்போனது போல் இருக்கிறதா" என்று கேட்டால், பலர் கையையும் காலையும்தான் நினைத்துப் பார்ப்பார்கள். நீரிழிவு உள்ளவர் உடனே "ஆமாம்" என்பார். அவருக்கு மனக்காயத்துக்கான மதிப்பெண் ஏறிவிடும். "சந்தோஷமோ துக்கமோ எதுவும் மனசில் ஒட்டவில்லை என்று இருக்கிறதா" என்று கேட்டால் கேள்வி நீளும், ஆனால் சரியான இடத்தில் போய்ச் சேரும்.

இரண்டாவது "எச்சரிக்கையாக இருத்தல்". ஆபத்து கடந்த பிறகும் உடம்பு காவல் காத்துக்கொண்டே இருக்கும் நிலையை மூலக் கேள்வி கேட்கிறது. தமிழில் எச்சரிக்கை ஒரு நல்ல குணம். "எப்போதும் எச்சரிக்கையாக இருக்கிறீர்களா" என்றால் பொறுப்பான மனிதர் எல்லாரும் "ஆமாம், இருக்கத்தானே வேண்டும்" என்பார்கள். "ஆபத்து ஒன்றும் இல்லாத இடத்தில்கூட" என்ற சொற்கள் சேராவிட்டால் அந்தக் கேள்வி வீண்.

மூன்றாவது, இந்த வகைக் கேள்வித்தாளின் உயிரான சொல்லே: "உதவி". பேரிடருக்குப் பிறகு "உதவி கிடைத்ததா" என்று கேட்டால் மனசுக்கான ஆறுதலை யாரும் நினைப்பதில்லை. பணம், பொருள், நிவாரணம் என்றுதான் காதில் விழும். அதனால் "உதவி தேடினீர்களா" என்று எழுதுவதைவிட "மனசில் இருப்பதை யாரிடமாவது சொன்னீர்களா", "இதற்காக யாரையாவது போய்ப் பார்த்தீர்களா" என்று இரண்டாகப் பிரிப்பது நல்லது.

இந்த மூன்று சொற்களிலும் மொழிபெயர்ப்பாளர் தப்பு செய்யவில்லை. கேட்பவர் காதில் அது என்னவாக விழும் என்பதைச் சோதித்துப் பார்க்க அவருக்கு வாய்ப்பு தரப்படவில்லை, அவ்வளவுதான்.

"ட்ராமா" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

மனக்காயம், உளக்காயம், அதிர்ச்சி, மனவடு என்று பல சொற்கள் புழங்குகின்றன. மனவடு என்ற சொல்லை இலங்கைத் தமிழ் உளநல எழுத்துகளில் பார்க்கலாம். காயம் ஆறிய பிறகும் தடம் நிற்கிறது என்று அது சொல்வதால் எனக்குப் பிடித்த சொல்லும் அதுதான். ஆனாலும் கேள்விக்குள் இவற்றில் எதையும் வைக்காமல் இருப்பது நல்லது என்பேன். "உங்கள் மனவடு" என்று தொடங்கும் கேள்வி, தனக்கு நடந்தது மனவடுதானா என்று முதலில் முடிவு செய்யச் சொல்லிப் பதில் சொல்பவரைச் சிக்கலில் விட்டுவிடும். "அந்தச் சம்பவம் நடந்த பிறகு" என்றால் போதும்.

இன்னொரு எச்சரிக்கை: "மன அழுத்தம்" என்ற சொல்லை முடிந்தவரை தவிருங்கள். ஒரு செய்தியில் அது வேலைப்பளுவால் வரும் நெருக்கடியைக் குறிக்கிறது, அடுத்த செய்தியில் மனச்சோர்வு நோயைக் குறிக்கிறது. இரண்டு பொருளும் நன்றாக வேரூன்றிவிட்டன. பதில் சொல்பவர் எதை எடுத்துக்கொண்டார் என்று பிறகு கண்டுபிடிக்க வழியே இல்லை.

பின்மொழிபெயர்ப்பு செய்தோம், மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. இனி என்ன?

பின்மொழிபெயர்ப்பு என்பது தமிழாக்கத்தை மூலத்தைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றி, இரண்டு ஆங்கிலத்தையும் ஒப்பிடுவது. ரிச்சர்ட் பிரிஸ்லின் 1970-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு இது உலகமெங்கும் வழக்கமானது. விடுபட்ட சொல், தலைகீழான பொருள் போன்ற வெளிப்படையான பிழைகளை இது பிடித்துவிடும்.

ஆனால் மேலே சொன்ன "மரத்துப்போதல்" இந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும். திரும்ப மொழிபெயர்ப்பவர் அதே ஆங்கிலச் சொல்லைத்தான் எழுதுவார். அதாவது சொல்லுக்குச் சொல் மாற்றிய மோசமான தமிழாக்கம்தான் இங்கே மிக அழகாகத் தேறும். இயல்பான தமிழில் எழுதியது சற்று விலகித் தெரியும், குழுவும் அதைத் "திருத்தி" மறுபடி கெடுத்துவிடும். அதனால்தான் ஐரோப்பிய சமூக ஆய்வு போன்ற பெரிய பன்மொழி ஆய்வுகளில் குழு முறையைப் பின்பற்றுகிறார்கள்: இரண்டு பேர் தனித்தனியே மொழிபெயர்ப்பது, சேர்ந்து உட்கார்ந்து ஒப்பிடுவது, ஒருவர் முடிவெடுப்பது, மக்களிடம் சோதிப்பது, எடுத்த முடிவை எல்லாம் எழுதி வைப்பது. கடைசியில் உள்ள அந்த எழுதி வைத்தலைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து "இந்தச் சொல்லை ஏன் எடுத்தோம்" என்று யாருக்கும் நினைவிருக்காது.

முறையாகச் செய்ய எத்தனை படிகள்?

வழிகாட்டிக்கு வழிகாட்டி எண்ணிக்கை மாறும், சாரம் ஒன்றுதான். இரண்டு தனித்தனி மொழிபெயர்ப்பு, இணைத்தல், பின்மொழிபெயர்ப்பு, நிபுணர் குழு, களச் சோதனை. 2000-இல் வெளியான பீட்டன் குழுவினரின் வழிகாட்டுதல் களச் சோதனைக்கு 30 முதல் 40 பேர் வரை சொல்கிறது. நிபுணர் குழுவில் மனநல மருத்துவர் மட்டும் இருந்தால் போதாது. அந்த அனுபவத்தைக் கடந்து வந்த ஒருவர் கண்டிப்பாக இருக்கவேண்டும்.

நேபாளத்தில் பூட்டான் அகதிகளுடன் வேலை செய்த குழு 1999-இல் ஒரு எளிய படிவத்தை முன்வைத்தது. ஒவ்வொரு கேள்வியையும் நான்கு வகையில் பார்க்கச் சொன்னது: புரிகிறதா, கேட்பதில் சங்கடம் இல்லையா, இங்கே பொருந்துகிறதா, மூலப் பொருள் முழுசாக வந்திருக்கிறதா. பணமும் ஆளும் குறைவாக இருக்கும் குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நான்கைத்தான்.

"யாரிடம் போவீர்கள்" என்ற பட்டியலை அப்படியே மொழிபெயர்க்கலாமா?

மொத்த வேலையிலும் முக்கியமான இடம் இதுதான் என்பது என் கருத்து. அறிகுறிகளில் பாதியாவது உலகத்துக்குப் பொதுவாக இருக்கலாம். உதவிக்கு மனிதர்கள் போகும் வழி அப்படி இல்லை.

பொது உதவி தேடல் கேள்வித்தாளின் மூலப் பட்டியலில் வாழ்க்கைத் துணை, நண்பர், பெற்றோர், வேறு உறவினர், மனநல நிபுணர், தொலைபேசி உதவி மையம், குடும்ப மருத்துவர், சமயத் தலைவர் ஆகியோர் வருகிறார்கள். "வேறு உறவினர்" என்று ஒரே வரியில் முடித்த இடத்தில் நின்று யோசியுங்கள். தமிழில் அண்ணன், அக்கா, தாய்மாமன், சித்தி, அண்ணி, மாமியார் என்று ஒவ்வொரு உறவுக்கும் வேறு பேச்சு உண்டு. அக்காவிடம் சொல்வதை மாமியாரிடம் சொல்ல மாட்டார்கள். எல்லாரையும் ஒரு வரிக்குள் அடைத்தால் "உறவினரிடம் போவேன்" என்ற பதிலிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது. அதேபோல் "சமயத் தலைவர்" என்ற சொல்லுக்குள் வழிபாடு நடத்துபவரும் குறி சொல்பவரும் மந்திரிப்பவரும் அடங்க மாட்டார்கள். சிலர் மனிதர் யாரிடமும் சொல்லாமல் நேரே கடவுளிடம் முறையிடுவார்கள். பட்டியலில் அது இல்லாவிட்டால் அவர் "யாரிடமும் போகவில்லை" என்ற கட்டத்துக்குள் விழுவார். அவர் போனார், நம் தாளில்தான் அதற்கு இடம் இல்லை.

நல்ல செய்தி என்னவென்றால், அந்தக் கேள்வித்தாளை உருவாக்கியவர்களே ஆய்வின் தேவைக்கு ஏற்பப் பிரச்சினைகளையும் உதவி வழிகளையும் மாற்றிக்கொள்ளும் வகையில்தான் அதை அமைத்திருக்கிறார்கள். ஆக, பட்டியலைத் திருத்துவது மூலத்துக்குச் செய்யும் துரோகம் இல்லை. முதலில் பத்துப் பதினைந்து பேரிடம் "இப்படி ஒன்று நடந்தால் இங்கே மனிதர்கள் யாரிடம் போவார்கள்" என்று திறந்த கேள்வியாகக் கேளுங்கள். அவர்கள் சொன்ன சொற்களையே பட்டியலில் வையுங்கள்.

மனப்பாங்கு அளவுகோலிலும் இதே சிக்கல் வேறு முகத்தோடு வரும். தனியாகத் தீர்க்க முயல்வது ஒரு பக்கம், நிபுணரிடம் போவது மறு பக்கம் என்று எதிர் எதிராக வைக்கும் வாக்கியங்கள் அதில் உண்டு. குடும்பமாக உட்கார்ந்து பேசித் தீர்ப்பவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார், அவருக்குக் கட்டமே இல்லை. அவர் குறைந்த மதிப்பெண் வாங்கினால் "உதவி தேட மறுக்கும் சமூகம்" என்று அறிக்கை எழுதப்படும். உண்மையில் அவர் அன்றாடம் உதவி தேடிக்கொண்டிருப்பவர். இப்படிப்பட்ட அறிக்கைகள் எனக்கு மிகுந்த வருத்தம் தருகின்றன, ஏனென்றால் அதை வைத்துத்தான் அடுத்த திட்டமும் தீட்டப்படுகிறது.

பதில் அளவில் என்ன சிக்கல்? 1 முதல் 7 வரை எண் போட்டால் போதாதா?

"மிகவும் வாய்ப்பில்லை" என்று தொடங்கி "மிகவும் வாய்ப்புண்டு" வரை 7 படிகள் பொது உதவி தேடல் கேள்வித்தாளின் மூலத்தில் இருக்கின்றன. தமிழில் இப்படி யாரும் பேசுவதில்லை. "கண்டிப்பாகப் போவேன்", "போனாலும் போவேன்", "பெரும்பாலும் போகமாட்டேன்", "போகவே மாட்டேன்" என்று சொன்னால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. "போனாலும் போவேன்" என்ற இரண்டு சொற்களில் நடுப்புள்ளி எவ்வளவு துல்லியமாக வந்துவிடுகிறது பாருங்கள். ஆனால் படிகளைக் குறைத்தால் மூல ஆய்வுகளின் சராசரியோடு உங்கள் எண்ணை நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. இந்த விலையைத் தெரிந்தே கொடுங்கள். எண்ணோ எழுத்தோ பழக்கமில்லாதவர்களுக்கு வெறும் தம்ளர், கால் தம்ளர், அரைத் தம்ளர், நிறைந்த தம்ளர் என்று படம் காட்டிக் கேட்கும் முறையும் இருக்கிறது. நன்றாகவே வேலை செய்யும்.

"யாரிடமும் உதவி கேட்க மாட்டேன்" என்ற வரி தனிக் கதை. அதற்கு "வாய்ப்பில்லை" என்று பதில் சொன்னால், "கேட்க மாட்டேன் என்பதற்கு வாய்ப்பில்லை" என்று ஆகிறது. இரட்டை எதிர்மறை. தலை சுற்றும். தமிழில் எதிர்மறை வினையிலேயே ஒட்டிக்கொண்டு வாக்கியக் கடைசியில் வருவதால் கேட்பவருக்கு இன்னும் கடினம். இதை அளவிலிருந்து வெளியே எடுத்து, "யாரிடமும் சொல்லாமல் உங்களோடேயே வைத்துக்கொள்வீர்களா" என்று தனிக் கேள்வியாக்கிவிடுங்கள்.

அப்புறம், "உங்களுக்கு இப்படி ஒரு பிரச்சினை வந்தால்" என்ற தொடக்கம். சிலர் "ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீர்கள்" என்று அங்கேயே நிறுத்திவிடுவார்கள். கெட்டதைக் கற்பனை செய்யச் சொல்வதே அவர்களுக்கு உறுத்தல். "ஒருவருக்கு இப்படி நடந்தால் அவர் யாரிடம் போகலாம்" என்று மூன்றாம் ஆளாக்கினால் பதில் எளிதாக வரும். ஆனால் அப்போது நீங்கள் அளப்பது அவர் அடுத்தவருக்குச் சொல்லும் யோசனை, அவருடைய சொந்த எண்ணம் ஆகாது. இரண்டும் பெரிதாக வேறுபடலாம். எதை எடுத்தாலும் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

களச் சோதனையில் உண்மையில் என்ன செய்ய வேண்டும்?

கேள்வியைக் கேட்டுப் பதில் வாங்குவதோடு நிறுத்தாமல், அந்தப் பதில் எப்படி வந்தது என்று கேட்க வேண்டும். பேட்டி இப்படிப் போகும்:

"மற்றவர்களிடமிருந்து விலகி இருப்பது போல் உங்களுக்குத் தோன்றுகிறதா?"
"ஆமாம், ரொம்ப."
"இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்ல முடியுமா, அம்மா?"
"சொந்தக்காரர்களை விட்டு தூரமாக இருக்கிறேனா என்று கேட்கிறீர்கள். கல்யாணம் ஆகி இங்கே வந்ததிலிருந்து அப்படித்தான்."

முதல் பதிலோடு எழுந்து வந்திருந்தால் தாளில் "மிகவும்" என்று பதிவாகியிருக்கும். அந்த அம்மா சொன்னது ஊர் தூரம். கேள்வி கேட்டது மனதளவிலான விலகல். "பக்கத்தில் மனிதர்கள் இருந்தும் அவர்களோடு ஒட்ட முடியாதது போல்" என்று மாற்றி எழுதி, அடுத்த ஆளிடம் மறுபடி கேட்டுப் பார்க்க வேண்டும்.

துருவிக் கேட்க நான்கைந்து கேள்விகள் கையில் இருந்தால் போதும்: இந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொண்டீர்கள், எந்தச் சம்பவத்தை நினைத்தீர்கள், இந்தப் பதிலை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள், இதை அந்நியர் கேட்டால் சங்கடமாக இருக்குமா. பதிலைத் திருத்திக் கொடுக்காதீர்கள். "இல்லையம்மா, கேள்விக்கு அர்த்தம் இதுதான்" என்று பேட்டி எடுப்பவர் விளக்க ஆரம்பித்த நொடியில் சோதனை முடிந்துவிட்டது; அவர் கேள்வித்தாளைக் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டார்.

ஒவ்வொரு சமூகத்துக்கும் சொந்தமான துயரச் சொற்கள் உண்டு என்கிறார்கள். அவற்றை என்ன செய்வது?

உள்ளே கொண்டுவர வேண்டும். ஜிம்பாப்வேயின் ஷோனா மொழியில் குஃபுங்கிசிசா என்றால் அளவுக்கு மீறி யோசித்துக்கொண்டே இருப்பது. கம்போடியர்கள் சிலர் உடம்புக்குள் காற்று மேலெழும்பித் தாக்குவதாகச் சொல்வதை கியால் தாக்குதல் என்கிறார்கள். இரண்டும் 2013-இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் மனநோய் வகைப்பாட்டுக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில் இடம்பெற்றிருக்கின்றன. ஆப்கானிஸ்தானில் ஆழ்ந்த துயரத்துக்கு ஜிகர் கூன் என்கிறார்கள்; ஈரலில் ரத்தம் என்பது அதன் நேர்ப்பொருள். 1994 இனப்படுகொலைக்குப் பிறகு ருவாண்டாவில் வேலை செய்த பால் போல்ட்டன், தன் கேள்வித்தாளை எடுத்து நீட்டுவதற்கு முன்னால், இந்தக் கொடுமையால் மக்களுக்கு என்னென்ன வந்தது என்று அவர்களையே பட்டியலிடச் சொன்னார். அகஹிண்டா (ஆழ்ந்த துயரம்), குஹஹமுகா (மனக்காயத்தால் வரும் நிலை) என்ற அவர்களுடைய சொற்கள் வெளியே வந்தன. பிறகுதான் தன் அளவுகோல் அவற்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்தார்.

ஒரு பண்பாட்டில் உருவான நோய் வகையை இன்னொரு பண்பாட்டில் அப்படியே பொருத்திவிட்டு, அங்கும் அது கிடைத்துவிட்டது என்று சொல்வதை ஆர்தர் கிளைன்மன் 1977-இல் வகைப்பிழை என்று பெயரிட்டார். கேட்டால் அறிகுறி கிடைக்கும். ஆனால் அது அங்குள்ளவர்களுக்கு முக்கியமானதா என்பது வேறு விஷயம்.

உதவி தேடலுக்கு இது நேரடியாகப் பொருந்தும். நேபாளத்தில் மன் (உணர்ச்சிகள் இருக்கும் மனசு) என்பதும் திமாக் (யோசிக்கும் மூளை) என்பதும் வேறு வேறு என்று பிராண்டன் கோர்ட்டும் இயன் ஹார்ப்பரும் 2008-இல் எழுதினார்கள். மன் நோகலாம், அதில் வெட்கம் இல்லை. திமாக் கெட்டால் பைத்தியம் என்ற முத்திரை விழும். தமிழிலும் இதே கோடு ஓடுகிறது. "மனசு சரியில்லை" என்று யாரும் யாரிடமும் சொல்வார்கள். "மனநிலை சரியில்லை" என்றால் பொருளே மாறிவிடும். இரண்டு சொற்களுக்கும் வேர் ஒன்று, ஆனால் நடுவில் பெரிய சுவர். "மனநல மருத்துவரிடம் போவீர்களா" என்ற கேள்விக்கு வரும் "மாட்டேன்" என்ற பதிலில் எவ்வளவு உதவியை மறுப்பது, எவ்வளவு அந்தச் சொல்லை மறுப்பது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பதவிப் பெயருக்குப் பதிலாக அவர் என்ன செய்வார் என்று ஒரு வரி விளக்கி, தனியே இன்னொரு முறை கேட்டுப் பாருங்கள்.

அப்படியானால் புதிதாகவே எழுதிவிடலாமே?

சில இடங்களில் அதுதான் சரி. விக்ரம் படேல் குழுவினர் 1990-களில் ஜிம்பாப்வேயில் ஷோனா அறிகுறிக் கேள்வித்தாளை உருவாக்கினார்கள். டிக்சன் சிபாண்டா அங்கே தொடங்கிய நட்பு பெஞ்சுத் திட்டத்தில், பயிற்சி பெற்ற பாட்டிமார் மர பெஞ்சில் உட்கார்ந்து பேசுவதற்கு யார் தேவைப்படுகிறார்கள் என்று அறிய அதைத்தான் பயன்படுத்தினார்கள். உள்ளூர்ச் சொல்லில் பிறந்த கேள்வித்தாள், உள்ளூர் மனிதரிடம் கொண்டுபோய் விடும் வழியோடு இணைந்து நின்றது. இலங்கையில் காயத்ரி பெர்னாண்டோ 2008-இல் வெளியிட்ட உளசமூக அளவுகோலும் அங்குள்ளவர்கள் சொன்னதிலிருந்து எழுந்தது.

நடுவழியும் உண்டு. 1992-இல் ரிச்சர்ட் மொலிக்காவின் குழு கம்போடிய, லாவோ, வியட்நாமிய மொழிகளில் வெளியிட்ட ஹார்வர்ட் ட்ராமா கேள்வித்தாளின் அறிகுறிப் பகுதியில் 30 கேள்விகள். 16 அன்றைய அமெரிக்கக் கையேட்டிலிருந்து வந்தவை. 14 அகதிகளின் அனுபவத்திலிருந்து சேர்த்தவை. ஒப்பிடவும் முடியும், உள்ளூர் உண்மையும் தவறாது. பெரும்பாலான குழுக்களுக்கு நான் இந்த வழியைத்தான் சொல்வேன்.

மூலத்தில் உள்ள வெட்டுப்புள்ளியையே வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. வெட்டுப்புள்ளி என்பது இத்தனை மதிப்பெண்ணுக்கு மேல் போனால் மேலும் பரிசோதிக்க வேண்டும் என்ற எல்லை. பி.சி.எல்-5-க்கு 31 முதல் 33 வரை சொல்கிறார்கள், ஹார்வர்ட் கேள்வித்தாளுக்கு 2.5 என்ற சராசரி. இவை அந்தந்த மக்களிடம் கிடைத்த எண்கள். ஆப்கானிஸ்தானில் 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, அறிகுறிப் பட்டியல்களுக்கு ஆண்களுக்கும் பெண்களுக்குமே வெவ்வேறு எல்லை தேவைப்படுவதைக் காட்டியது. உள்ளூரில் மருத்துவப் பேட்டியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் எண்ணை இறக்குமதி செய்தால், ஒன்று ஊரே நோயாளி ஆகும், இல்லையென்றால் தேவைப்பட்டவர் விடுபடுவார்.

ஆல்ஃபா 0.9 வந்துவிட்டது. போதும்தானே?

ஆல்ஃபா என்ற புள்ளியியல் எண், கேள்விகள் ஒன்றோடொன்று ஒட்டிப் போகின்றன என்று மட்டும் சொல்கிறது. எல்லாக் கேள்வியும் ஒரே மாதிரி தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டாலும் ஆல்ஃபா உயரும். இரண்டு மொழிக் குழுக்களை ஒப்பிட வேண்டுமானால், அளவுகோல் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறதா என்ற அளவீட்டு ஒப்புமைச் சோதனை தேவை. அமைப்பு ஒன்றா, கேள்விகளின் எடை ஒன்றா, தொடக்கப் புள்ளி ஒன்றா என்று மூன்று படியாகப் பார்ப்பார்கள். மூன்றாவது படி தேறாமல் சராசரிகளை ஒப்பிடுவது நியாயம் இல்லை.

ஒரே தமிழ் வடிவம் எல்லாத் தமிழருக்கும் போதுமா?

எழுத்துத் தமிழில் எழுதினால் எல்லாருக்கும் புரியும் என்று நினைப்போம். பாதி உண்மை. இலங்கையில் உளவளத்துணை என்பது தமிழ்நாட்டில் கவுன்சலிங் அல்லது மனநல ஆலோசனை. ஒரு பக்கத்தவருக்கு மற்ற சொல் புத்தகமாகத் தெரியும். அடிப்படை வடிவம் ஒன்றை வைத்துக்கொண்டு, சொல் மாறும் இடங்களுக்கு மட்டும் பதிலிகள் கொடுப்பது நடைமுறைக்கு ஒத்து வரும். வாசித்துக் காட்டும் வடிவத்தையும் தனியே தயார் செய்யுங்கள். பேட்டி எடுப்பவர் ஒவ்வொருவரும் எழுத்துத் தமிழை அந்த இடத்திலேயே பேச்சுத் தமிழாக மாற்றினால் பத்து பேர் பத்துக் கேள்வித்தாளைப் பயன்படுத்துகிறார்கள் என்றுதான் அர்த்தம்.

வீட்டில் உள்ளவரே மொழிபெயர்த்துச் சொன்னால்?

வேண்டாம். குழந்தைகள் கண்டிப்பாகக் கூடாது. தாய்க்கு நடந்த வன்முறையை மகன் வாயால் கேட்டு, மகன் வாயால் பதில் வாங்குவது இருவருக்கும் புதுக்காயம். கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது "யாரிடம் சொன்னீர்கள்" என்று கேட்பதும் ஆபத்தாகலாம். அந்தப் பெண் ரகசியமாகத் தேடிய உதவி அங்கே வெளியே வந்துவிடும். பயிற்சி பெற்ற, பதில் சொல்பவர் ஏற்றுக்கொள்ளும் பாலினத்தைச் சேர்ந்த ஒருவர் தேவை. சண்டையில் எதிர்ப்பக்கம் இருந்த குழுவைச் சேர்ந்தவராக அவர் இருக்கக்கூடாது என்பதையும் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அனுமதி வாங்க வேண்டுமா?

பி.சி.எல்-5 பொதுவெளியில் இருப்பது, தடையின்றிப் பயன்படுத்தலாம். மற்றவற்றுக்கு உருவாக்கியவருக்கோ பதிப்பாளருக்கோ எழுதிக் கேளுங்கள். கேட்கும்போதே தமிழ் வடிவம் ஏற்கெனவே இருக்கிறதா என்றும் விசாரியுங்கள்.

இப்படியெல்லாம் கேட்பது பழைய காயத்தைக் கிளறாதா?

கிளறலாம். அதனால்தான் கேள்வி வரிசைக்கும் முக்கியத்துவம் தருகிறோம். சம்பவத்தின் விவரத்தைக் கேட்காமலேயே உதவி தேடலைப் பற்றிக் கேட்க முடியும் என்றால் விவரத்தைக் கேட்காதீர்கள். "எந்தக் கேள்வியையும் தாண்டிப் போகலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம்" என்று தொடக்கத்தில் ஒருமுறையும் நடுவில் ஒருமுறையும் சொல்லுங்கள். கடைசிக் கேள்வி கனமானதாக இருக்கவேண்டாம். "இந்த நாட்களில் உங்களுக்குத் தெம்பு தருவது எது" என்பது போல் முடியட்டும்.

உதவி தேடல் கேள்வித்தாளுக்கென்று ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. ஆலோசகர், மருத்துவர், உதவி எண் என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கும்போது, இவையெல்லாம் எனக்குக் கிடைக்கும்போலிருக்கிறது என்ற நம்பிக்கையும் கூடவே பிறக்கிறது. பேட்டி முடிந்ததும் "அப்போ நான் யாரைப் போய்ப் பார்க்கட்டும்" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். அதற்குப் பதில் பேட்டி எடுப்பவரின் பையில் இருக்கவேண்டும்: பெயர், இடம், நேரம், எண், அங்கே எந்த மொழியில் பேசலாம் என்பது வரை. அந்த எண்ணைக் கிளம்புவதற்கு முந்தின நாள் நீங்களே அழைத்து, யாராவது எடுக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.